வெள்ளித்திரையில் வீடற்றோர்



மாநகரத்தின் செல்வத்தைக் காட்டுவது கமராவுக்கு எளிது. வறுமையைக் காட்டுவதும் எளிதே. கிழிந்த ஆடையும் ஒட்டிய வயிறும் நடைபாதையில் உறங்கும் குழந்தையும் கிடைத்துவிட்டால் காட்சி தானே அமைந்துவிடும். பார்ப்போர் கண்ணீரும் விடுவர். ஆனால், அந்தச் செல்வமும் இந்த வறுமையும் எவ்விடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன என்று காட்டுவதுதான் அரிது. ஆசிய நகரங்களைப் பற்றி எழுந்த படங்களுள் அவ்வரிய செயலைச் செய்த நான்கினை இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, விமல் ராய் நெறிப்படுத்தி 1953ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தோ பீகா ஜமீன்’ என்னும் இந்திப்படம். சம்பு என்ற ஏழை உழவனுக்கு இருப்பது இரண்டு பீகா நிலம். அவ்விடத்தில் ஆலை எழுப்ப விரும்பும் ஜமீந்தார், பழைய கடனைப் பெருக்கிக் காட்டி நிலத்தைப் பறிக்க முயல்கிறார். கடனை அடைக்கப் பொருள் தேடிச் சம்புவும் அவன் மகனும் கல்கத்தாவுக்கு வருகின்றனர். தந்தை கைறிக்‌ஷா இழுக்கின்றான். மகன் பிறருடைய சப்பாத்துகளைத் துடைக்கின்றான். இன்னும் விரைவாக ஓடு, இன்னும் அதிகம் தருகிறேன் என்று பயணி தூண்டத் தூண்ட, சம்பு மூச்சிரைக்க ஓடும் காட்சியை எளிதில் மறக்க முடியாது. பணம் ஏற ஏற வேகமும் ஏறுகிறது. முடிவில் சக்கரம் கழன்று மனிதன் வீழ்கின்றான். சம்புவாக நடித்த பால்ராஜ் சாஹ்னி, இப்பாத்திரத்திற்காகக் கல்கத்தாத் தெருக்களில் றிக்‌ஷா இழுத்துப் பழகியவர். வீடற்றவன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்விக்கு இப்படம் நேரான விடை தருகின்றது: அவன் சோம்பலினால் தெருவுக்கு வந்தவனல்லன், ஒரு கடன் கணக்கினால் துரத்தப்பட்டவன்.

இரண்டாவது படம் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குரியது. லீனோ புரொக்கா நெறிப்படுத்திய இப்படம், மணிலா நகரைப் பின்னணியாகக் கொண்டு 1975இல் வெளிவந்தது. காதலியைத் தேடி நகருக்கு வரும் ஜூலியோ என்னும் மீனவ இளைஞன் கட்டட வேலையிற் சேர்கின்றான். சம்பளப் பட்டியலில் ஒரு தொகைக்குக் கையொப்பம் வாங்குகின்றனர். கைக்கு வருவதோ அதனிலும் குறைந்த தொகை. சம்பள நாளிற் பணம் இல்லை என்கின்றனர். உடனே வேண்டுமாயின் அதிலும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு கொடுக்கின்றனர். பிறர் குடியிருக்க மாடி எழுப்புகிறவனுக்கு இரவில் தலைசாய்க்க அந்த வேலைத்தலமே கதி.

மூன்றாவது, தைப்பே நகரில் நிகழும் ‘தெருநாய்கள்’. சாய் மிங்-லியாங் நெறிப்படுத்திய இப்படம் 2013ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது. பெருவீதிச் சந்தியில், மழையிலும் காற்றிலும், விளம்பரப் பலகையொன்றைத் தாங்கி நிற்பதே இதில் வரும் தந்தையின் தொழில். அவன் தாங்கி நிற்பது விற்பனைக்குள்ள வீடுகளின் விளம்பரம்! இரவானதும் அவனும் அவனுடைய இரு குழந்தைகளும் பாழடைந்த கட்டடத்தில் உறங்குகின்றனர். பொது மலசலகூடத்திற் கைகால் கழுவுகின்றனர். பகலில் அக்குழந்தைகள் பேரங்காடியில் சுவை பார்க்கக் கொடுக்கும் துண்டு உணவுகளை உண்டு திரிகின்றனர். நெறியாளர் இதனை விளக்கிச் சொல்வதில்லை. கமராவை நகர்த்தாமல் நெடுநேரம் நிறுத்திவைக்கின்றார். தெருவில் இத்தகைய மனிதனைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொள்வது நம் வழக்கம். இங்கே அதற்கு இடமில்லை.

நான்காவது, போங் ஜூன்-ஹோவின் ‘ஒட்டுண்ணி’. 2019இல் வெளிவந்த இக்கொரியப் படத்தில் வரும் ஏழைக் குடும்பம் சியோல் நகரில், பாதி நிலத்துள் அமைந்த அறைகளில் வாழ்கின்றது. அத்தகைய அறைகள் கற்பனையல்ல. வட கொரியாவுடன் இருந்த பகைமையால், 1970இல் புதிய கட்டடங்களுக்கு நிலவறை வேண்டுமென்று விதி செய்யப்பட்டது. பின்னர் வீட்டுப் பஞ்சம் மிக, போருக்கு அஞ்சி அமைத்த அறைகளில் மக்கள் வாடகைக்குக் குடியேறினர். படத்தில் ஒரே மழை இரு வீடுகளிலும் பெய்கின்றது. ஏழைக் குடும்பம் கழிவுநீரில் தத்தளித்து, உடற்பயிற்சி மண்டபமொன்றில் அகதிகளாக இராப்பொழுதைக் கழிக்கின்றது. மறுநாட் காலையில் செல்வச் சீமாட்டி, மழையினால் வானம் தெளிந்தது நல்லதாயிற்று என்று மகிழ்ந்து விருந்துக்கு ஆயத்தம் செய்கின்றாள்.

இத்தகைய படங்களை வெறுப்போரும் உண்டு. நாட்டின் வறுமையை மேனாட்டார்க்கு விற்கின்றார் என, 1980இல் இந்திய மாநிலங்கள் அவையில் உறுப்பினராயிருந்த நடிகை நர்கிஸ், சத்தியஜித் ராயின் படங்களைக் குறைகூறினார். இக்குற்றச்சாட்டை முற்றாகத் தள்ளிவிடலாகாது. சேரியை வண்ணத் திரைச்சீலைபோல் விரித்து, அதன் முன் தம் கதையை ஆடிமுடிக்கும் படங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றில் ஏழை வெறும் காட்சிப்பொருள். மேலே கூறிய நான்கிலோ அவன் நகரத்தைச் சுமப்பவன். ஒருவன் அதன் மக்களை இழுக்கின்றான். ஒருவன் அதன் மாடிகளைக் கட்டுகின்றான். ஒருவன் அதன் வீடுகளுக்கு விளம்பரமாகின்றான். ஒரு குடும்பம் அதன் அடித்தளத்தில் வாழ்கின்றது. இதைக் கண்டபின் இரக்கம் மட்டும் போதாது என்பது விளங்குகின்றது. இரக்கம் நம்மைப் படியின் மேலே நிறுத்தி, ஏழையைக் கீழே பார்க்கவைக்கும். இப்படங்களோ, அந்தப் படியைக் கட்டியவர் யார் என்று கேட்கின்றன.

திரையிற் கண்டதைத் திரையோடு விட்டுவிட்டால் நேர்வதென்ன? ‘ஒட்டுண்ணி’ 2020இல் ஒஸ்கார் விருதுகளுள் தலையாயதைப் பெற்றது, உலகமே பாராட்டியது. 2022 ஓகஸ்டில் சியோலிற் பெருமழை பெய்தது. அத்தகைய நிலவறை வீடொன்றில் வெள்ளம் புகுந்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வெளியேற வழியின்றி உயிரிழந்தனர். அதன் பின்னரே, நிலவறைகளைக் குடியிருப்பாகப் பயன்படுத்துவதைப் படிப்படியாக ஒழிப்போமென்று நகர நிருவாகம் அறிவித்தது.

ஒரு படத்தால் வீடு கட்ட இயலாது. ஆனால் அறியேன் என்று சொல்லும் வாய்ப்பை அது நம்மிடமிருந்து பறித்துவிடுகின்றது. படமாளிகையை விட்டு வெளியே வந்ததும், சந்தியிற் பலகை தாங்கி நிற்பவனைக் காண்கிறோம். அவன் யாருக்காக நிற்கின்றான், இரவில் எங்கே உறங்குவான் என்னும் இரு கேள்விகள் நம் உள்ளத்தில் எழுமாயின், அந்த நெறியாளர்கள் பட்ட பாடு வீண்போகவில்லை.