புத்தகச் சுமை



பத்தாம் வகுப்பில் பிள்ளை பாஸ் என்றதும் தெரு முழுக்க மிட்டாய் கொடுக்கிறார்கள். அடுத்து பிளஸ் ஒன் வகுப்பில் சேர்க்கிறார்கள். அங்கே அந்தப் பிள்ளை படும் பாடு பல வீடுகளில் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். அம்மா எழுத்தறிவு மையத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். மகளுக்கு வயது 16. பத்தாம் வகுப்பில் 500க்கு 400க்கு மேல் வாங்கியவள். அறிவியல் பிரிவில் சேர்ந்தாள். செப்டம்பர் மாதம் காலாண்டுத் தேர்வு. இயற்பியலில் 70க்கு 18.

மதிப்பெண் அட்டையைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"படிப்பில் நாட்டம் போய்விட்டது. நிறுத்திவிடலாம். அத்தை மகனுக்குப் பேசி முடிக்கலாம்."

மகள் வாய் திறக்கவில்லை. இரவு சாப்பிடவும் இல்லை.

அம்மா சண்டை போடவில்லை. மகளிடம் புத்தகங்களை எடுத்துவரச் சொன்னார். அட்டைகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தார். இயற்பியல். வேதியியல். தாவரவியல். விலங்கியல். சில பாடங்களுக்கு இரண்டு தொகுதி.

"போன வருஷம் அறிவியலுக்கு எத்தனை புத்தகம்?"

"ஒன்றுதான் அம்மா."

அம்மா கணவரைப் பார்த்தார். "சூளைக்குப் புது ஆள் வந்தால் முதல் வாரம் கை கொப்பளிக்காதா? அதற்காக மேஸ்திரி அவனை விரட்டிவிடுகிறாரா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அவர் கையும் ஒரு காலத்தில் கொப்பளித்ததுதான்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2010 முதல் நடப்பில் இருக்கிறது. அது 6 முதல் 14 வயது வரைதான். அதற்குமேல் பிள்ளை படிப்பதும் நிற்பதும் பெரும்பாலும் வீட்டின் கையில். கல்யாணப் பேச்சு வேறு விஷயம். பெண்ணுக்கு 18 வயது ஆகாமல் கல்யாணம் செய்துவைப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதையும் அம்மா சொன்னார்.

மறுநாள் இருவரும் பள்ளிக்குப் போனார்கள். அரை நாள் கூலி போயிற்று. போகட்டும்.

ஆசிரியர் சொன்னார்: "பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தே நிறைய மதிப்பெண் வாங்கலாம். இங்கே புரிந்துகொண்டு கணக்குப் போடவேண்டும். உங்கள் மகள் சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிறாள். அன்றன்று நடத்தும் பாடத்தை அன்றே படிக்கட்டும். புரியாததை என்னிடம் வந்து கேட்கட்டும்."

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2018இல் வந்தது. 2025-26 கல்வியாண்டில் அதை எடுத்துவிட்டார்கள். பொதுத்தேர்வு இல்லை என்று சும்மா இருக்கலாமா? டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வில் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறது.

வீட்டில் சில மாற்றங்கள். மாலையில் தண்ணீர் எடுப்பது தம்பி வேலை ஆயிற்று. ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை டிவி கிடையாது. முதல் வாரம் அப்பாவுக்குத்தான் கஷ்டம்!

சாப்பிடும்போது அம்மா தினமும் கேட்பார்: "இன்றைக்கு என்ன நடத்தினார்கள்? எனக்குச் சொல்."

ஒருநாள் உராய்வு பற்றிய பாடம். மகள் சொன்னாள்: "கனமான பெட்டியைப் பின்னால் நின்று சாய்வாகத் தள்ளினால் அது தரையில் இன்னும் அழுந்தும். அதனால் நகர்த்துவது கஷ்டம். கயிறு கட்டி மேல்நோக்கிச் சாய்வாக இழுத்தால் பாரம் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். எளிதாக நகரும்."

அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்தார். "இருபது வருஷமாக இழுத்துத்தான் நகர்த்துகிறேன். காரணம் இப்போதுதான் தெரிகிறது. இன்னொரு தடவை சொல்லு."

அவள் தரையில் கரிக்கட்டியால் படம் போட்டுக் காட்டினாள்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. இயற்பியலில் 70க்கு 33. வேதியியல் இன்னும் இழுபறிதான். அட்டையில் அப்பா கையெழுத்துப் போட்டார். அத்தை மகன் பேச்சை எடுக்கவில்லை. "வேதியியல் வாத்தியாரை எப்போது பார்க்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.