அடையாய் நிற்கும் பெயர்: ஒருமையா, பன்மையா?



இவ்விழாவைப் ‘பத்தாண்டு விழா’ என்கிறோம். ‘பத்தாண்டுகள் விழா’ என்பதில்லை. ஆங்கிலத்திலும் ஒரு பெயர் மற்றொரு பெயருக்கு அடையாய் நிற்குமிடத்துப் பெரும்பாலும் ஒருமையே வரும்.

இதனை நான் பட்டே அறிந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஆங்கிலச் சுருக்கத்தில் ஈராயிரமாண்டு மரபைக் குறிக்க ‘டூ தவுசண்ட் இயர்ஸ் ஓல்ட் ட்ரடிஷன்’ என்று எழுதியிருந்தேன். ‘இயர்’ என்றே வரல் வேண்டும் என்று வாய்மொழித் தேர்வில் அவையறியச் சுட்டினர். ஆண்டுகள் பலவாயிருக்கப் பன்மை எங்ஙனம் பிழையாகும்? அன்று விளங்கவில்லை. விடையோ, நான் நாள்தோறும் நடத்தும் தொகைநிலைத் தொடரிலேயே இருந்தது.

‘பூக்கடை’ என்பது ஒரே பூவை விற்கும் கடையா? அங்கே ‘பூ’ எண்ணிக்கையைச் சொல்லவில்லை. கடையின் வகையைச் சொல்கிறது. அவ்வாறே, பற்கள் பலவற்றைத் துலக்குவதாயினும் ‘டூத் பிரஷ்’தான், ‘டீத் பிரஷ்’ அன்று. தனித்து நிற்கையில் பன்மையாகவே வழங்கும் ‘ட்ரவுசர்ஸ்’ என்னும் சொல்லும் ‘ட்ரவுசர் பாக்கெட்’ என வருங்கால் தன் ஈற்றை இழக்கிறது.

விலக்குகளும் உள. ‘ஆர்ம்’ என்பது கை. ‘ஆர்ம்ஸ்’ என்பது படைக்கலம். ‘கஸ்டம்’ என்பது வழக்கம். ‘கஸ்டம்ஸ்’ என்பது சுங்கம். ஈறு நீங்கின் பொருளே மாறுமாதலின் ‘ஆர்ம்ஸ் ரேஸ்’, ‘கஸ்டம்ஸ் ஆபீசர்’ எனப் பன்மை நிலைத்தது.

1985இல் பீட்டர் கார்டன் என்னும் ஆய்வாளர் மூன்று முதல் ஐந்து வயதுள்ள, ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். எலிகளைத் தின்பதை அவர்கள் ‘ரேட் ஈட்டர்’ என்றனரேயன்றி ‘ரேட்ஸ் ஈட்டர்’ என்றிலர். ஆயினும் ஈறு பெறாது உருத்திரிந்து பன்மையாகும் ‘மைஸ்’ என்பதை ‘மைஸ் ஈட்டர்’ என்று கூறத் தயங்கவில்லை. கற்பியாமலே கைவந்த நுட்பம் இது.

என் வகுப்பில், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி கண்ட மாணவியர் பலர். ‘டென் இயர்ஸ் ஓல்ட் கேர்ள்’ என்றெழுதித் தலைகுனிகின்றனர். ‘பத்து வயதுச் சிறுமி’ என்று சொல்லிப் பாருங்கள் என்பேன். ‘வயதுகள்’ என்று நா எழுவதில்லை, முகம் மலர்கிறது. பிறமொழி அச்சத்தைத் தாய்மொழியே போக்கக் காண்கிறேன்.

பாவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘மலர்கள் மாலை’, ‘நினைவுகள் சுமை’ என இன்று சிலர் எழுதுகின்றனர். மலர்மாலையில் மலர்கள் குறைவதில்லை. எண்ண வேண்டுமிடத்து எண்ணுங்கள். வகை சொல்லுமிடத்துக் ‘கள்’ களையுங்கள்.