பின்கதவு திறக்குமா?

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற சகோதரச் சங்கங்களின் அலுவலகப் பணியாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து வந்திருக்கும் நாங்கள் மண்சரிவைப் பற்றித்தான் பேசுவோம் என்று நினைத்திருப்பீர்கள். பேசவேண்டியது நமது சங்க அலுவலகங்களைப் பற்றியும்தான்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை கோப்பில் இருந்தது. சனங்கள் லயத்தில் இருந்தார்கள். அறிவித்தல் மட்டும் ஆளைக் காப்பாற்றாது என்பதை அன்று படித்துக்கொண்டோம்.

இந்த ஊருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 1981 ஜூன் தொடக்கத்தில் வைத்த தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அச்சிட்ட நூலைத் திரும்ப வாங்கலாம். ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடியை எங்கே வாங்குவது?

நமது அலுமாரிகளிலும் ஒற்றைப் பிரதிகள்தான் இருக்கின்றன: சேமலாப நிதிக் கடிதங்கள், சேவைக்காலப் பதிவுகள், நட்டஈட்டு வழக்குக் கோப்புகள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நமது சனங்களுக்கு ஒரு துண்டுப் பத்திரத்தின் பெறுமதி தெரியும். அதனால்தான் தீப்பிடித்தால் யாராவது ஒரு தோழர் கோப்பை எடுக்கத் திரும்பி உள்ளே ஓடுவார். அவரை ஓடவிடக்கூடாது. பிரதி இன்னோரிடத்தில் இருந்தால் அவர் ஓடமாட்டார்.

ஆகவே செய்யவேண்டியவை இவை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நிழற்பிரதி எடுத்து வேறொரு கட்டடத்தில் வையுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். மாரி தொடங்குமுன் அடித்தட்டுக் கோப்புகளை மேல்தட்டுக்கு ஏற்றுங்கள். மின்சாரத்தை நிறுத்தும் மெயின் சுவிச் எங்கே என்று தேநீர் போடுபவருக்கும் தெரியவேண்டும். மின்கசிவுத் தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. வெளியே கூடும் இடத்தையும், அங்கே தலை எண்ணுபவரையும், அவர் வராத நாளில் எண்ணுபவரையும் இன்றே முடிவு செய்யுங்கள். முறைப்பாட்டோடு வந்து வாங்கில் காத்திருக்கும் வயதான அம்மாவைக் கைபிடித்து அழைத்துவர ஒருவர் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990, மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் இலக்கம் மூன்றையும் சுவரில் பெரிதாக எழுதுங்கள். ஆண்டுக்கு இருமுறை மணியடித்து, எல்லோரும் வெளியேறிப் பழகுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செய்வதை நாம் செய்ய வெட்கப்பட ஒன்றுமில்லை.

தோட்ட நிர்வாகத்திடம் பாதுகாப்புக் கேட்டு மகஜர் எழுதுகிறவர்கள் நாம். நமது அலுவலகப் பின்கதவை நாற்காலிகளும் பழைய செய்திமடல் கட்டுகளும் அடைத்துக்கொண்டிருந்தால் அந்த மகஜருக்கு என்ன மதிப்பு?

நாளை காலை அலுவலகத்துக்குப் போனதும் முதலில் அந்தக் கதவைத் திறந்து பாருங்கள். நாங்களும் ஊர் திரும்பியதும் எங்கள் கதவைத் திறந்து பார்க்கிறோம்.