கடலின் மட்டம் பார்த்தவர்

(சென்ற வருடம் எமது சங்கத்தின் சித்திரை விழாவில் ஆற்றிய உரை. மலர்க்குழு கேட்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)

 

இந்த மேடையில் வழக்கமாக டொக்டர்மார், எஞ்சினியர்மார் பேசுவார்கள். நான் பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். கணிதப் பிரிவில் ஏ.எல். எடுத்ததோடு படிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. "பிள்ளையளுக்கு விஞ்ஞானமா ஏதாவது சொல்லும் தம்பி" என்று செயலாளர் அண்ணை கேட்டதால் வந்து நிற்கிறேன்.

என் அக்காவின் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் வந்து, "மாமா, எல் நினோ பற்றி நான் வகுப்பிலே பேச வேணும், சொல்லித் தாங்கோ" என்றாள். எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டு பேரும் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்துப் படித்தோம். அப்போதுதான் கிளவுஸ் விர்ட்கி என்ற பெயரைக் கண்டேன். அவருடைய கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

விர்ட்கி 1925இல் மேல் சிலேசியாவில் பிறந்தவர். அந்த ஊர் இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜேர்மனியில் பல்கலைக்கழகம் போய், 1950இல் கீல் நகரத்தில் கடலியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடு இடிந்து கிடந்த காலம். 1954இல் இந்தோனேசியாவுக்கு, ஜகார்த்தாவில் இருந்த கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்குப் போனவர். பிறகு அவுஸ்திரேலியா, அதற்குப் பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா. கடைசியாக 1964இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் வந்து நின்றார். 2013இல் அங்கேயே காலமானார். எங்களைப் போல நாலு நாடு பார்த்த மனிதர். போன இடத்தில் இருந்த கடலைப் படித்தார், அவ்வளவுதான். தென்கிழக்கு ஆசியக் கடல்களைப் பற்றி அவர் 1961இல் வெளியிட்ட நூல் அந்தக் கடல்களைப் படிக்கிறவர்களுக்கு அடிப்படை நூலாக நிலைத்தது.

இனி எல் நினோவுக்கு வருவோம். தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு. அதன் கரையில் கடல் குளிர்ந்த நீர். ஆழத்து நீர் மேலே வரும், அதோடு மீன் பெருகும். 1970இல் பெருக்காரர் பிடித்த நெத்தலி வகை மீன் மட்டும் 12 மில்லியன் தொன்னுக்கு மேலே. சில வருடங்களில் நத்தாரை ஒட்டி அந்தக் கரைக்குச் சூடான நீர் வந்து சேரும், மீன் இல்லாமல் போய்விடும். நத்தார்க் காலத்தில் வருவதால் குழந்தை இயேசுவின் பெயரை வைத்து எல் நினோ என்று அந்த மீனவர்கள் சொன்னார்கள். 1972இல் பெரிய எல் நினோ வந்தது. ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிப் பிடித்தும் இருந்தார்கள். 1973இல் பிடிபட்ட மீன் இரண்டு மில்லியன் தொன் அளவுக்கு விழுந்துவிட்டது. எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணைந்திருக்கும் என்று மீன்பிடிக் கிராமத்தில் பிறந்த எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

இது ஏன் நடக்கிறது? பெருக் கரையில் காற்றுக் குறைந்து போவதால்தான் என்று முதலில் நினைத்தார்கள். விர்ட்கி காற்றுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். எல் நினோ வந்தபோது பெருக் கரையில் காற்றுக் குறையவே இல்லை. அப்படியானால் காரணம் வேறெங்கோ இருக்கவேண்டும். நடுப் பசிபிக்கில் கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிற காற்று, எல் நினோவுக்கு முன்பு ஒரு வருடத்துக்கு மேலாகப் பலமாக அடித்திருக்கிறது. பிறகு தளர்ந்திருக்கிறது.

பிள்ளைகளே, ஒரு தட்டத்தில் சூடான சொதியை ஊற்றி ஒரு பக்கத்தில் இருந்து ஊதிப் பாருங்கள். மற்றப் பக்கம் சொதி ஏறும். ஊதுவதை நிறுத்தினால் திரும்பி ஓடி வரும். பசிபிக் அந்தத் தட்டம். காற்று ஊதி ஊதி இந்தோனேசியாப் பக்கம் கடல்மட்டம் பெருப் பக்கத்தை விட அரை மீற்றர் அளவுக்கு உயர்ந்து நிற்கும். அங்கே சேருவது சூடான நீர். காற்றுத் தளர்ந்ததும் அந்தச் சூடு ஓர் அலையாகப் பூமத்திய கோட்டின் வழியே கிழக்கே ஓடி, இரண்டு மூன்று மாதத்தில் தென் அமெரிக்கக் கரையைத் தொடும். கண்ணுக்குத் தெரிகிற அலை இல்லை. மேலே பார்த்தால் சில சென்ரிமீற்றர் உயர்வு மட்டும். 1975இல் விர்ட்கி இதை எழுதினார். கடலும் காற்றும் ஒன்றையொன்று இழுப்பதை 1969இல் ஜேக்கப் பியர்க்னெஸ் என்ற வானிலை அறிஞர் காட்டியிருந்தார். பெருவில் நடப்பதன் வேர் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் வீசிய காற்றில் இருக்கிறது என்று காட்டியது விர்ட்கி.

சில சென்ரிமீற்றர் உயர்வை எப்படிக் கண்டுபிடித்தார்? பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. பசிபிக்கில் கிடக்கிற சின்னச் சின்னத் தீவுகளில், இறங்குதுறைகளில், கடல்மட்டம் அளக்கிற கருவிகளைப் பூட்டுவித்தார். அந்தந்தத் தீவு ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். நாள் தவறாமல், வருடம் தவறாமல் அளவு எடுத்தது. ஒரு தீவின் கணக்கைத் தனியே பார்த்தால் ஒன்றும் விளங்காது. எல்லாத் தீவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு சமுத்திரமே ஒரு பக்கம் சாய்ந்து மறு பக்கம் நிமிர்வது தெரியும்.

அவர் பிழைவிட்டதும் உண்டு. 1975இல் எல் நினோ வரும் என்று அவரும் வேறு சிலரும் முன்கூட்டியே சொல்லி, கப்பலில் போய்ப் பார்த்தார்கள். முதல் பயணத்தில் கொஞ்சம் சூடான நீர் இருந்தது. இரண்டாம் பயணத்தில் அதுவும் இல்லை. எதிர்பார்த்தது பெரிதாக வரவில்லை. ஒளிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி 1976இல் எழுதி வெளியிட்டார்கள். 1982இல் மறுபக்கம் நடந்தது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று வந்துகொண்டிருந்தது, ஆனால் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை. மெக்சிகோவில் எரிமலை வெடித்த தூசு செய்மதிகளின் கண்ணை மறைத்துவிட்டது. தீவுகளில் இருந்த கடல்மட்டக் கருவிகள் நீர் கிழக்கே போனதைப் பதிந்திருந்தன. ஆனால் அந்தக் கணக்குகள் உடனுக்குடன் எல்லாருக்கும் கிடைக்கிற காலமாக அது இல்லை. அந்தப் பாடத்தோடுதான் 1994 அளவில் பசிபிக்கின் நடுவே ஏறக்குறைய 70 மிதவைகளை நங்கூரமிட்டு முடித்தார்கள். 1997இல் வந்த பெரிய எல் நினோவைச் சில மாதங்கள் முன்பே சொல்லக்கூடியதாக இருந்தது.

இதனால் எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். எல் நினோ வருடங்களில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குறையப் பார்க்கும். எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாரி மழை கூடப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் என்றில்லை. ஆனாலும் காலபோகம் விதைக்கிற வன்னிக் கமக்காரனுக்கு இது வேண்டிய செய்தி.

இன்னொன்று இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் அப்பு வடமராட்சி கிழக்கில் தொழில் செய்தவர். வாடைக் காற்று ஓய்ந்து சோழகம் எழும்ப முதல், "சித்திரையிலே கடல் குளம் மாதிரிக் கிடக்கும்" என்று சொல்லுவார். ஆனால் அதே சித்திரை, வைகாசியில், இலங்கையின் தெற்கு முனைக்குச் சில நூறு கிலோமீற்றர் தெற்கே, பூமத்திய கோட்டின் மேலே, ஒரு பெரிய நீரோட்டம் கிழக்கே சுமாத்திராவை நோக்கி ஓடுகிறது. வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவு. ஐப்பசி, கார்த்திகையிலும் அப்படி ஓடும். இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் மட்டும் வந்து போகிற ஓட்டம். 1973இல் அதை எடுத்துக்காட்டியவர் இதே விர்ட்கி. கடலியல்காரர் அதை விர்ட்கி ஓட்டம் என்றே சொல்லுகிறார்கள். இந்து சமுத்திரத்துக்கு ஒரு பெரிய கடல் வரைபடத் தொகுப்பை 1971இல் வெளியிட்டவரும் அவர்தான். நாங்கள் வருடப்பிறப்புக்கு மருத்துநீர் வைத்துக் குளிக்கிற நேரத்தில் எங்கள் கடலுக்குத் தெற்கே அது ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பு 2004 மார்கழி 26 அன்று கரையில் நின்றவர். திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. சுமாத்திராவில் பூமி நடுங்கியதற்கும் எங்கள் கரையில் அலை அடித்ததற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. கொழும்பிலும் மாலைதீவிலும் இருந்த கடல்மட்டக் கருவிகள் அந்த அலையைப் பதிந்தன. விர்ட்கி ஹவாயில் தொடக்கிய வேலையின் தொடர்ச்சியாக அந்த வலையமைப்பில் இருந்த கருவிகள் அவை. ஆனால் எங்கள் சமுத்திரத்தில் செய்தியை வாங்கிக் கரைக்குக் கொண்டுபோய்ச் சொல்ல ஒரு முறையும் அன்றைக்கு இல்லை. அதற்குப் பிறகுதான் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பு ஏற்படுத்தினார்கள். அளப்பவனும் வேண்டும், அளந்ததைச் சொல்லுபவனும் வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. வேலையிடத்தில் நான் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஐந்து மூடி எடுத்துத் தடிப்பு அளந்து தாளில் எழுதவேண்டும். ஒருவரும் பார்க்காத தாள், ஏன் எழுதுகிறேன் என்று பல இரவு அலுத்திருக்கிறேன். விர்ட்கியின் கதை படித்த பிறகு அந்தத் தாளை வேறு கண்ணோடு பார்க்கிறேன். எங்கோ ஒரு சின்னத் தீவில் கருவியைப் பார்த்துக்கொண்ட ஒருவனுக்கும், தான் ஒரு சமுத்திரத்தின் கணக்கை வைத்திருக்கிறேன் என்று தெரிந்திராது.

பெற்றோரே, பிள்ளைகளை டொக்டராக்க வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் நிற்கிறோம். நல்லது. ஆனால் ஒரு பிள்ளை வந்து கடலைப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், "அதிலே என்ன இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் போனவர்கள். அதை அளந்து எழுதுகிறவர்களும் எங்களிடமிருந்து வரட்டும். மருமகள் வகுப்பிலே நன்றாகப் பேசினாளாம். வீட்டுக்கு வந்து கேட்டாள்: "மாமா, உங்கட அப்புவின்ரை கடலிலே இப்ப அளவுக்கருவி இருக்கோ?" தேடிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.