கடலுக்கு முதுகு காட்டி நின்றவர்

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வந்து இந்தக் காந்தி கலை மன்றத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, வர்க்கலைக்குப் போய்விட்டு வந்து வெயிலில் கறுத்த முகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் செல்லங்களே!

இங்கிருந்து வர்க்கலை 170 கிலோமீட்டர் பக்கம். நடுச்சாமத்துக்கு மேல் பஸ் ஏறி, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று மலையைத் தாண்டிப் போனால், கடலோரத்தில் சுவர் மாதிரி ஒரு செங்குன்று! மேலே செம்பாறை, கீழே மணற்கல், அதற்குள் களிமண். உச்சியில் பெய்கிற மழை உள்ளே இறங்கி, களிமண்ணில் முட்டி, அடியில் ஊற்றாய்க் கசிகிறது. உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்! இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைப் புவியியல் நினைவுச் சின்னம் என்று அறிவித்திருக்கிறது. ஆனால் விளிம்பை நம்பக் கூடாது. மழைக்கு மழை இடிந்து விழுகிற இடம் அது.

அந்த விளிம்பில் ஒருவர் நின்றாரே, அவரைப் பற்றித்தான் பேச வந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எழுந்து போய்விடுவார். ஓய்வுபெற்ற வாத்தியார். பிள்ளைகள் எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார்! செல்ஃபி எடுக்க ஒரு பையன் பின்னாலேயே நகர்ந்தான். வாத்தியார் சத்தம் போடவில்லை. முழங்கையைப் பிடித்து இரண்டடி உள்ளே நிறுத்தினார். போட்டோ எடுத்தும் கொடுத்தார். தட்டுங்கள் கையை!

சில பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக் கேமராவுக்கு முகத்தைக் காட்டுவார்கள். ஒரு தையல் மெஷின் கொடுக்க ஒன்பது பேனர்! யாரென்று நான் சொல்ல வேண்டுமா? நீங்களே சிரிக்கிறீர்களே! சரி, அவர்கள் கதை எதற்கு?

மதியம் வாத்தியார் பிள்ளைகளை வர்க்கலையிலேயே இருக்கிற சிவகிரிக்குக் கூட்டிப் போனார். 1904-ல் நாராயண குரு அங்கே ஆசிரமம் அமைத்தார். 1928-ல் அங்கேயே சமாதியானார். நம்ம குமரி மாவட்டத்து மருத்துவாழ் மலையில் தவமிருந்தவர். தமிழில் பதிகம் பாடியவர். கோயிலுக்குள்ளே வராதே என்று தள்ளி வைக்கப்பட்ட சனங்களுக்கு, 1888-ல் அருவிப்புறத்தில் தன் கையாலேயே சிவனைப் பிரதிஷ்டை செய்து கொடுத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை!

1925-ல் காந்தி சிவகிரிக்கு வருகிறார். அப்போது வைக்கத்தில் தெருவில் நடக்கிற உரிமைக்காகப் போராட்டம். நம்ம பெரியார் முந்தின வருஷமே அங்கே போய்ச் சிறையிலிருந்தவர். மாமரத்தைக் காட்டி, இலைக்கு இலை வித்தியாசம் இருக்கிறதே, மனிதர்களும் அப்படித்தான் என்றாராம் காந்தி. எந்த இலையைக் கசக்கினாலும் சாறு ஒன்றுதானே என்றாராம் குரு. எப்பேர்ப்பட்ட பதில்! மகாத்மா முன்னாலேயே தன் சனத்தை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறார் பாருங்கள்!

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் போக முடியாது. பஸ் கிளம்புவதற்கு முந்தின நாள் சில பெரிய மனிதர்கள், பொம்பளைப் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்பாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். மில்லுக்கு வேலைக்குப் போகிற தாய்மார்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஐயா, இது எந்த மண்? கோதை நாச்சியார் பிறந்த மண்! மார்கழிக் குளிரில் விடியுமுன்னே எழுந்து, வீட்டுக்கு வீடு தோழிகளை எழுப்பி, ஒருத்தியையும் விட்டுவிடாமல் நீராடக் கூட்டிப்போனதைத்தானே திருப்பாவையில் பாடுகிறோம்? கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டவள் ஒரு பெண்! அவள் ஊரிலிருந்து பெண் பிள்ளை வெளியே போகக் கூடாதா? எவர் சொல்வது?

நாம் உட்கார்ந்திருக்கிற இந்த மன்றமே பி. எஸ். குமாரசாமி ராஜா கொடுத்த வீடு. 1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்துக்கே முதலமைச்சர்! பதவியில் இருக்கும்போதே தேர்தலில் தோற்றார். வீட்டைக் கலைக்குக் கொடுத்துவிட்டார். அவர் வீட்டுக் கூரைக்கடியில் நின்று கேட்கிறேன்: நின்றுபோன அந்தப் பெண் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

வாத்தியார் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் இன்னொரு பயணம், பெண் பிள்ளைகளுக்கு மட்டும். தாய்மார்களில் நாலு பேர் கூடப் போகிறார்கள். பஸ் வாடகைதான் பாக்கி. ராஜபாளையத்துக்காரர்கள் ஒரு பஸ், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஒரு பஸ். பால்கோவாவுக்குப் போட்டி போடுகிறீர்களே, இதற்கும் போடுங்கள்! இதோ என் துண்டை விரித்துவிட்டேன். முதல் 500 ரூபாய் என்னுடையது. வாசலைப் பூட்டவில்லை, ஆனால் கொடுக்காமல் யாரும் போகக் கூடாது!