சொல் தெளிந்த பின்னரே ஒப்புதல்



மொழியியல் கற்ற நாம் மருத்துவம் பற்றிப் பேசுவது ஏன் என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். பிரிக்பீல்ட்ஸில் நம் அண்டை வீட்டில் வாழும் மூதாட்டி ஒருவர், இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறதென்று மருத்துவரிடம் சென்றார். அவருக்குச் சொல்லப்பட்ட ஆங்கில நோய்ப்பெயரில் 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல் இருந்தது. உடன் சென்ற பேத்தி அதை 'மன அழுத்தம்' என்று பெயர்த்துக் கூறிவிட்டாள். "எனக்கு மனசுல ஒரு கவலையும் இல்லீங்களே ஐயா" என்று அம்மூதாட்டி நம்மிடம் வருந்தினார்.

இந்நோயில் அழுத்தம் என்பது மனத்தைச் சார்ந்ததன்று. இருமும்போதும் பளு தூக்கும்போதும் வயிற்றினுள் எழும் அழுத்தம் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. மகப்பேற்றாலும் முதுமையாலும் இடுப்புத்தளத் தசைகளும் சிறுநீர்க்குழாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசையும் தளர்ந்திருந்தால் கசிவு நேர்கிறது. மலாய்மொழியின் 'தெக்கானான்' என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்குவதால், நம் நாட்டில் குழப்பம் இரட்டிக்கிறது. 'வயிற்றழுத்தச் சிறுநீர்க்கசிவு' என்றால் பொருள் தெளிவாகும்.

'சிறுநீர் அடக்கமின்மை' என்றும் சிலர் எழுதுகின்றனர். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆயினும், திருக்குறளில் 'அடக்கமுடைமை' என்றோர் அதிகாரத்தையே கொண்ட நம் மொழியில், அடக்கம் ஒரு பண்பின் பெயர். அஃது இல்லை என்று கேட்கும் பெண் தன்னையே குற்றவாளியாக எண்ணி வாய்மூடிவிடக்கூடும். கசிவு என்னும் சொல்லோ எவர்மீதும் பழி சுமத்துவதில்லை.

மூன்றாவதாக நாம் நிறுத்துப் பார்க்க வேண்டிய சொல் 'சிகிச்சை'. பெண்ணின் சொந்தத் தசையிலிருந்து சிறு துணுக்கெடுத்து, அதன் உயிரணுக்களை ஆய்வகத்தில் பெருக்கி, தளர்ந்த சுருக்குத்தசையில் ஊசிவழிச் செலுத்தும் முறை பல்லாண்டுகளாக ஆராயப்படுகிறது. 8 பெண்களிடம் செய்த முன்னோடி ஆய்வொன்று 2008இல் கனடாவிலிருந்து வெளியாயிற்று. அவர்களுள் சிலருக்குப் பயன் தெரிந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வொன்றிலோ, உயிரணு இல்லாத போலி ஊசி பெற்றவர்களும் எதிர்பாராத அளவில் நலம் கூறினர். 150 பெண்கள் சேர்ந்த நிலையில் அதன் சேர்க்கை நிறுத்தப்பட்டது.

2007இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆஸ்திரிய நாட்டு ஆய்வின் கதை மேலும் வருந்தத்தக்கது. நெறிக்குழு இசைவு குறித்தும் நோயாளர் ஒப்புதல் குறித்தும் கடுமையான ஐயங்கள் எழுந்ததால், அக்கட்டுரையை அவ்விதழே 2008இல் மீட்டுக்கொண்டது. ஒப்புதல் என்பது கையெழுத்து மட்டுமன்று. கையெழுத்திடுமுன் சொற்களின் பொருள் விளங்கியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் உயிரணு, மரபணு சிகிச்சைப் பொருள்கள் 2021ஆம் ஆண்டு முதல் ஒழுங்குமுறைக்கு உட்பட்டுள்ளன. அவற்றைக் கண்காணிக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில்தான் உள்ளது. எனவே, 'உயிரணு சிகிச்சை' என்னும் விளம்பரத்தைக் கண்டால், இது பதிவு பெற்ற சிகிச்சையா, இன்னும் ஆய்வா என்று கேட்பது நம் உரிமை. அதற்குமுன், 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் விளக்கிய இடுப்புத்தளப் பயிற்சி இருக்கிறது; தேவையானோர்க்கு அறுவை மருத்துவமும் உண்டு.

ஆசிரியப் பெருமக்களே, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பாட்டிமாருக்கு மொழிபெயர்ப்பாளராக மருத்துவமனைக்குச் செல்பவர் உங்கள் மாணவரே. அவர்களிடம் ஒரு நோய் விளக்கத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அதை வீட்டுப் பெரியவரிடம் படித்துக் காட்டி, அவருக்கு என்ன விளங்கியது என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அவர் விளங்கிக்கொண்டதைக் கொண்டே அந்த மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் இடுங்கள்.