கடை திறந்தாற் போதுமா?

வர்த்தக நண்பர்களே, கமக்காரச் சகோதரர்களே!

2020 மார்ச் 20ஆந் திகதி கொரோனாத் தொற்றினால் ஊரடங்கு பிறந்தது. யாழ்நகரக் கடைகள் பூட்டப்பட்டன. தோட்டத்து மரக்கறி தோட்டத்திலேயே அழுகிற்று. பின்னர் கடைகள் திறந்தன. கமக்காரனையோ 2021இல் உரத்தடையும் 2022இல் எரிபொருட் பஞ்சமும் மீண்டும் வீழ்த்தின. அவன் மடியிற் காசின்றேல் உங்கள் புடைவைக் கடைக்குள் நுழைபவர் யார்?

தொற்றுக் காலத்தில் வர்த்தகரின் வங்கிக் கடன் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. நியாயமே, நாமும் அதனை ஆதரித்தோம். ஆயின், சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று வெட்டுவதாகக் கமக்காரர் முறையிடுகின்றனரே, இஃது எந்த நியாயம்? சட்டம் பயின்ற நமக்கு விளங்கவில்லை. அக்கழிவை விடுங்கள். விளைபொருளுக்கு அன்றன்றே பணங் கொடுங்கள். காலையில் நீங்கள் கொடுக்கும் பணம் மாலையில் உங்கள் கல்லாவுக்கே திரும்பும்.